மலையைக் கிட்டே வரவழைக்கும் லென்ஸ்: கேனான் 55-250 மி.மீ., ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஓசூரைத் தாண்டி, சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் நெடுஞ்சாலையில் இருபுறமும் எழும்பி நிற்கிற கற்குன்றுகளைப் பேருந்தின் சன்னலோரத்திலிருந்து பார்க்கும்போது, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முகமும் தோரணையும் கொண்டு நிற்பதாகத் தோன்றும். அதே குன்றுகளைக் கேமராவோடு வருகிற கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலும், கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகும்) எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், யாரோ வயல் வரப்பில் இறக்கிவைத்துவிட்டுப் போன கடலை மூட்டைகளைப் போலக் கிடக்கும். மேலே பாதிப் படம் வெளிறிய வானம், கீழே பாதிப் படம் தார்ச்சாலையும் மின்கம்பமும், நடுவில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மலை. மூன்றாண்டுகளாக நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் சேரும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற மலை படத்தில் ஏன் சிறுத்துப்போகிறது என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்த லென்ஸை வாங்கினேன். பறவை எடுப்பவர்களும் பள்ளி ஆண்டு விழா எடுப்பவர்களும் இதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார்கள். நிலக்காட்சிக்கு இது எப்படி உதவுகிறது என்பதை மட்டும், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஈராண்டு பயன்படுத்திய அனுபவத்தில் எழுதுகிறேன்.

லென்ஸின் முழுப்பெயர் கேனான் இ.எஃப்-எஸ் 55-250 மி.மீ. எஃப்/4-5.6 ஐ.எஸ். எஸ்.டி.எம்.; 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. இதே அளவுகளில் இதற்கு முன் வந்த பழைய வடிவங்களும் சந்தையில் உலவுகின்றன. அவற்றின் பெயரில், ஃபோகஸ் செய்யும் ஸ்டெப்பிங் மோட்டாரைக் குறிக்கும் எஸ்.டி.எம். என்ற மூன்றெழுத்து இருக்காது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் அந்த மூன்றெழுத்தைப் பார்த்தே வாங்க வேண்டும் என்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நானும் பழையதாகத்தான் வாங்கினேன். முதலில் பெங்களூரில் ஒரு கடையில் வாங்கியது வீடு வந்து சேர்ந்த இரவே ஏமாற்றம் தந்தது. கைபேசியின் டார்ச்சைப் பின்புறத்திலிருந்து அடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூலைப் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. மறுவாரம் திருப்பிக் கொடுக்கப் போனால், "அது தூசிதான் சார், படத்துல விழாது" என்று சாதித்து, கடைசியில் ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். கடையிலேயே டார்ச் அடித்துப் பார்க்காதது என் தவறு. இரண்டாவதை, தருமபுரியில் கல்யாண வேலை எடுக்கும் ஒருவர் புதுவகைக் கேமராவுக்கு மாறியபோது விற்றார். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். இன்றுவரை குறையில்லை.

எடை 375 கிராம். கையில் எடுத்தால் பிளாஸ்டிக் என்பது உடனே தெரியும். கேமராவில் பொருந்தும் வளையமும் பிளாஸ்டிக்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள், தோளில் பையோடு கிருஷ்ணகிரிக் கோட்டை மலைப் படிகளை விடியலுக்கு முன் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய வெள்ளை லென்ஸை எடுத்துக்கொண்டு ஏறிய நண்பர் பாதி வழியிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்; நான் வெளிச்சம் வருவதற்குள் மேலே இருந்தேன். நிலக்காட்சியில் நேரத்துக்கு அங்கே போய் நிற்பதே பாதி வேலை என்பதால், எடை குறைந்த லென்ஸுக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த லென்ஸ் பொருந்தும் கேமராக்களில், படம் பதியும் சில்லான சென்சாரின் அகலம் ஏறத்தாழ 22 மி.மீ.; அதில் 18 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக 63 பாகை அளவுக்குக் காட்சியை வாரி உள்ளே போட்டுக்கொள்ளும். 55 மி.மீ.யில் அது 23 பாகையாகச் சுருங்கும். 250 மி.மீ.யில் வெறும் 5 பாகை. கையை முழுதாக நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு மறையுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிலக்காட்சி என்றாலே அகலமாக எடுப்பது என்று பழகிய எனக்கு முதல் சில வாரங்கள் இது சிறைச்சாலையாக இருந்தது. எதைக் காட்டினாலும் எதையோ வெட்டியது. கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள கே.ஆர்.பி. அணையின் கரையில் நின்று, நீரும் வேண்டும், பின்னால் இருக்கும் மலைத்தொடரும் வேண்டும், பரிசலும் வேண்டும், மேகமும் வேண்டும் என்று தவித்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. எல்லாம் கேட்டால் எதுவும் கிடைக்காது என்று லென்ஸ் பிடிவாதமாகச் சொன்னது. வேறு வழியில்லாமல் ஒரே ஒரு பரிசலையும், அதன் பின்னால் மலையின் நிழல் நீரில் முடிகிற எல்லைக்கோட்டையும் மட்டும் எடுத்தேன். நிழலின் கருமைக்குள் பரிசலின் விளிம்பில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். அன்று எடுத்த நாற்பது படங்களில் இன்றும் திறந்து பார்ப்பது அது ஒன்றைத்தான்.

அந்தப் படம் ஏன் நின்றது, மற்ற முப்பத்தொன்பதும் ஏன் விழுந்தன என்று யோசித்ததில் எனக்குக் கிடைத்த விடை எளிமையானது: அந்தப் படத்தைப் பார்ப்பவருடைய கண் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. அணைக்கரையில் நேரில் நிற்கும்போது நம் கண் தானாகவே மின்கம்பியை ஒதுக்கிவிடுகிறது, பஜ்ஜிக் கடையின் தார்ப்பாயை ஒதுக்கிவிடுகிறது, மலையை மட்டும் பிடித்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த ஒதுக்கல் தெரியாது. தார்ப்பாயும் மலையும் அதற்கு ஒன்றுதான். ஆகவே நாம் மனத்துக்குள் செய்கிற ஒதுக்கலைப் படம் எடுப்பதற்கு முன்பே கையால் செய்ய வேண்டியிருக்கிறது. அகல லென்ஸிலும் இதைச் செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு நல்ல தேர்ச்சி வேண்டும். 55-250 அந்தத் தேர்ச்சி இல்லாதவனையும் ஒதுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. ஆசிரியராக இதற்கு நான் கொடுக்கும் மதிப்பு, கருவியாகக் கொடுக்கும் மதிப்பைவிட அதிகம்.

இந்த இடத்தில் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். நீள லென்ஸ் தூரத்து மலையை இழுத்து முன்னால் கொண்டுவருகிறது, இரண்டையும் நெருக்குகிறது என்பார்கள். உண்மையில் மாற்றத்தைச் செய்வது நம் கால்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மீட்டர் உயரப் புளியமரம் ஒன்று, நாம் நிற்கும் இடத்திலிருந்து 20 மீட்டரில் இருக்கிறது. அதன் பின்னால் இரண்டு கிலோமீட்டரில் 200 மீட்டர் உயரக் குன்று. 18 மி.மீ.யில் எடுத்தால் சென்சாரில் மரத்தின் உயரம் 9 மி.மீ., குன்றின் உயரம் 2 மி.மீ.க்கும் குறைவு. மரத்தடியில் ஒளிந்துகொண்ட மலை. இப்போது மரத்தை விட்டு இன்னும் 180 மீட்டர் பின்னால் நடந்து போய், லென்ஸை 125 மி.மீ.க்குத் திருப்புங்கள். மரம் 6 மி.மீ. உயரத்தில் இருக்கும், குன்றோ பதினொரு மி.மீ.க்கு மேல் எழுந்து மரத்தின் முதுகுக்குப் பின்னால் சுவரைப் போல நிற்கும். மலைக்குப் பக்கத்தில் போகாமல், மலையை விட்டு விலகி நடந்ததால்தான் மலை பெரிதாயிற்று. இராயக்கோட்டைச் சாலையில் ஒரு கேழ்வரகு வயலின் ஓரத்தில் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தபோது, கேமராவின் பின்திரையில் தெரிந்ததை நம்பாமல் திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் நடந்தேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. லென்ஸ் செய்வது, விலகி நடந்த பிறகும் மரம் சிறுத்துப்போகாமல் காப்பது மட்டுமே. அதற்குத் தேவையான எல்லா மி.மீ. அளவுகளும் இந்த 55-க்கும் 250-க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. நம் பகுதியைப் போல வெட்டவெளியில் தனித்தனிக் குன்றுகளாக நிற்கும் நிலத்தில் பின்னால் நடக்க இடமும் இருக்கிறது. கொடைக்கானல் சரிவில் பின்னால் நடந்தால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான்.

இவ்வளவு கணக்கும் வெளிச்சம் இல்லாவிட்டால் வீண். ஒரு வைகாசி மாதம் முழுக்க, விடுமுறை நாள்தோறும், ஒரே குன்றை ஒரே மாந்தோப்பின் வேலியோரத்திலிருந்து எடுத்தும் எதுவும் தேறவில்லை. வெயில் காலத்தில் காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால், தூரத்துப் பொருளின் நிறமும் விளிம்பும் மங்கி, எல்லாம் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும். நீள லென்ஸ் அந்த மங்கலான காற்றின் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருப்பதால் குறை இரட்டிப்பாகத் தெரியும். தோப்புக்காரப் பெரியவர் சில நாள் பார்த்துவிட்டு, மோட்டார் கொட்டகையின் வாசலில் நின்றபடி கேட்டார்: "ஏன் தம்பி, காலையிலேர்ந்து அந்த மலையையே பாத்துட்டிருக்கீங்க. அது எங்க போயிடப் போவுது?" நான் மங்கலாக இருக்கிறது என்று முறையிட்டேன். "அதுக்கு இப்ப வந்தா எப்படி? நல்ல மழை ஒண்ணு பேஞ்ச மறுநாள் விடியக்காலம் வாங்க. மலை கிட்ட வந்து நிக்கும்" என்றார்.

அதுபோலவே நின்றது. புரட்டாசியில் இரவெல்லாம் கொட்டிய மழைக்குப் பிறகு விடிந்த காலையில், தூசி முழுதும் கழுவப்பட்ட காற்றில், குன்றின் பாறை வெடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. சூரியன் கிழக்கே தாழ்வாக இருந்து பக்கவாட்டில் வெளிச்சம் அடித்ததால் உருண்டைப் பாறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் பொன்னிறமும் மறுபக்கம் நீல நிழலும் கிடைத்து, தட்டையாக இருந்த மலைக்கு உடம்பு வந்தது. ஈரம் காயாத பாறைச் சரிவில் மழைநீர் வழிந்த தடம் வெள்ளிக்கம்பிபோல மின்னிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் சூரியன் ஏறி, நிழல்கள் சுருங்கி, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று நம் முன்னோர் திணைக்கு இலக்கணம் வகுத்ததை மனப்பாடமாகப் படித்திருக்கிறேன். அதில் பொழுதை ஏன் நிலத்துக்குச் சமமாக வைத்தார்கள் என்பது அந்த வேலியோரத்தில்தான் உறைத்தது.

மங்கல் எப்போதும் பகையும் இல்லை. வத்தல்மலைச் சாலையின் வளைவுகளில் ஏறிப் பாதி வழியில் நின்று, மாலையில் மேற்கே பென்னாகரம் பக்கம் பார்த்தால், சூரியனுக்கு எதிரே நிற்கும் மலைகள் விவரம் எல்லாம் அழிந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய காகித வெட்டுகள் போலாகும். அருகிலிருப்பது கருமையாக, அதற்கடுத்தது சாம்பலாக, கடைசியில் இருப்பது வானத்தோடு கரைகிற அளவுக்கு வெளிறியதாக. காற்றிலுள்ள மங்கல்தான் இங்கே தூரத்தை அளந்து காட்டுகிறது. காற்று கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் இந்தப் படமே கிடையாது. 200 மி.மீ.க்கு மேல் போய் நான்கைந்து அடுக்குகளை மட்டும் வெட்டியெடுத்தால் போதும். இதில் வெளிச்சத்தை அளக்கும்போது கேமரா சொல்வதைவிட ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுப்பது என் வழக்கம். இல்லாவிட்டால் கடைசி அடுக்கு வெள்ளையில் மறைந்துபோகும்.

எஸ்.டி.எம். என்ற மூன்றெழுத்துக்கு வருகிறேன். பழைய வடிவங்களில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் முன்பகுதி சுழலும், இதில் சுழலாது. போலரைசர் ஃபில்ட்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பெரிய வசதி. அந்த ஃபில்ட்டரைத் திருப்பி, ஈரப் பாறையின் மேலும் மாவிலையின் மேலும் இருக்கும் வெண்பளபளப்பை நீக்கி, உள்ளேயிருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறை ஃபோகஸ் செய்யும்போதும் முன்பகுதி சுழன்றால் வைத்த கோணம் கலைந்துவிடும். ஃபில்ட்டர் அளவு 58 மி.மீ. என்பதால் விலையும் தாங்கக்கூடியது. சூரியனுக்குச் செங்கோணத் திசையில் இருக்கும் வானத்தில்தான் போலரைசரின் பலன் முழுதாகத் தெரியும். சூரியனை நேராகவோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டு அதைத் திருப்பிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது குடித்துவிடும் என்பதால் விடியலில் கழற்றி வைத்துவிடுவேன்.

வெளிச்சக் குறைவு இந்த லென்ஸின் மெய்யான எல்லை. 250 மி.மீ.யில் அதன் அதிகபட்சத் திறப்பே எஃப்/5.6 (எஃப் எண் கூடினால் திறப்பு சுருங்கி வெளிச்சம் குறையும்), நல்ல தெளிவுக்கு நான் எஃப்/8 வைப்பேன். கையில் பிடித்து எடுக்கும்போது நடுங்காமலிருக்க, பழைய விதிப்படி நொடியில் 400-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். உள்ளேயிருக்கும் ஐ.எஸ். என்ற நடுக்கத் தடுப்பு மூன்றரை ஸ்டாப் வரை உதவும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதை நம்பி 50-இல் ஒரு பங்குவரை இறங்கி எடுத்திருக்கிறேன். நின்ற மலை நன்றாகத்தான் விழுகிறது. ஆனால் ஐ.எஸ். நம் கை நடுக்கத்தைத் தடுக்குமே தவிர, ஆடிக் காற்றில் தலைவிரித்தாடும் பனைமரத்தை நிறுத்தாது. ட்ரைபாட் கொண்டுபோவதே நல்லது. ட்ரைபாடில் வைத்ததும் ஐ.எஸ். பொத்தானை அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமர் போட்டு எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். காற்று பலமாக இருந்தால் ட்ரைபாடின் நடுத்தண்டில் தண்ணீர் பாட்டில் வைத்த பையைத் தொங்கவிட்டு, பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி விடுவேன்.

ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பினாலும் உள்ளே மோட்டார்தான் வேலை செய்கிறது. கேமரா அணைந்திருந்தால் வளையம் சும்மா சுற்றும். தூர அளவுகள் எழுதிய சாளரமும் இல்லை. இருட்டில் முடிவிலிக்கு ஃபோகஸ் வைக்க விரும்புகிறவர்களுக்கு இது எரிச்சல் தரும். வெளிச்சம் இருக்கும்போதே தூரத்து விளக்கு ஒன்றில் ஃபோகஸ் செய்து, லென்ஸிலுள்ள விசையைக் கைமுறை ஃபோகஸுக்கு மாற்றி, பிறகு தொடாமல் விட்டுவிடுவேன். ஒரு பயனுள்ள கணக்கு: 250 மி.மீ., எஃப்/8, 400 மீட்டரில் ஃபோகஸ் என்றால், ஏறத்தாழ 200 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை தெளிவாக விழும். அதற்குள்ளே வேப்பங்கிளை ஒன்று எட்டிப் பார்த்தால் அது பச்சைப் புகையாகத்தான் தெரியும். அதை விட்டுவிடுவதே மேல்.

இன்னொரு எல்லை எந்த நீள லென்ஸுக்கும் உண்டு. பகல் பதினொரு மணிக்குமேல் கற்பாறைகளின்மீது எழும் வெப்பக் காற்று தூரத்துக் காட்சியை அலையடிக்கச் செய்யும். படத்தைப் பெரிதாக்கினால் பாறையின் விளிம்புகள் கொதிக்கும் நீருக்கு அடியில் இருப்பதுபோல நெளிந்திருக்கும். லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று நான் ஒருநாள் முழுக்கக் கவலைப்பட்டேன். மாலையில் அதே இடத்தில் எடுத்தபோது தெளிவாக இருந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம்.

நிலவைப் பற்றிச் சொல்லாமல் இந்த லென்ஸின் மதிப்பீடு நிறைவடையாது. வானத்தில் நிலவின் அகலம் அரைப் பாகை. 18 மி.மீ.யில் அது சென்சாரில் 0.16 மி.மீ. புள்ளி, 250 மி.மீ.யில் 2.3 மி.மீ., அதாவது படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு பொருள் நிலவுக்குச் சமமான அகலத்தில் தெரிய வேண்டுமானால் அதன் அகலத்தைப்போல ஏறத்தாழ 110 மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். குன்றின் உச்சியிலிருக்கும் ஐந்து மீட்டர் அகலப் பாறைக்கு 550 மீட்டர். இடத்தை முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நிலவு தன் அகலத்தளவு நகர இரண்டு நிமிடம் போதும். பௌர்ணமியன்று போவதைவிட அதற்கு முந்தைய நாள், சதுர்த்தசியன்று போவதையே நான் பரிந்துரைப்பேன். அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலவு எழுந்துவிடுவதால் பாறையின் மேலும் வெளிச்சம் இருக்கும். பௌர்ணமியில் நிலவு மேலே வருவதற்குள் மலை இருண்டு, நிலவு மட்டும் வெள்ளை ஓட்டையாக எரிந்துபோகும்.

ஆனாலும் நிலவைப் பெரிதாக்கிவிட்டால் படம் பெரிதாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் நிலவு சிறியதுதான். கீழே கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், நடுவில் மேகக்கோடு, மேலே படத்தின் பாதிக்குமேல் வெறும் இருண்ட வானம். பிற்காலத்தில் அச்சிடும்போது அந்த வானத்தை இன்னும் இருட்டாக்கிக்கொண்டே போனார் என்பது பதிவான செய்தி. அவ்வளவு பெரிய வெறுமைக்குள் வைத்ததால்தான் அந்தச் சிறிய நிலவுக்கு அத்தனை கனம். நான் 250 மி.மீ.யில் எடுத்த நிலவுப் படங்களைக் காட்டினால் எல்லாரும் "அப்பா!" என்பார்கள், அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். 90 மி.மீ.யில், பாதி வானத்தை வெறுமையாக விட்டு எடுத்த ஒன்றில்தான் சற்று நேரம் நிற்கிறார்கள்.

ஒகேனக்கல்லுக்கு இந்த லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனது எனக்கு ஒரு பாடம். அந்தப் பெயருக்கே கன்னடத்தில் புகையும் பாறை என்று பொருள். கர்நாடகத்து அணைகள் திறந்து காவிரி பெருகும் நாட்களில் அருவிச் சாரல் புகையாகவே எழுந்து வரும். இந்த லென்ஸுக்கு நீர், தூசித் தடுப்பு எதுவும் கிடையாது. முன்கண்ணாடியைத் துடைப்பதும் ஒரு படம் எடுப்பதும் மறுபடி துடைப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூட் இருந்திருந்தால் பாதிச் சாரலைத் தடுத்திருக்கும். அது லென்ஸோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே பின்னால் நடக்க இடமில்லை. பாறைப் பிளவுகளுக்குள் நின்று சுற்றிலும் நீர் விழுவதை உணர்த்த வேண்டிய இடத்தில், 55 மி.மீ.கூட மிகக் குறுகலாகிவிடுகிறது. பரிசல்காரரின் துடுப்பையும் அவர் முன்கை நரம்புகளையும் நெருக்கமாக எடுத்த ஒரு படம் மட்டும் தேறியது. அதை நிலக்காட்சி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அங்கே கிட் லென்ஸே போதும். பையில் இரண்டும் இருக்கட்டும்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கேனானின் சிறிய சென்சார் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு மட்டுமே இது நேரடியாகப் பொருந்தும். முழு அளவுச் சென்சார் எஸ்.எல்.ஆர்.களில் மாட்ட முடியாது. ஆர் வகை மிரர்லெஸ் (உள்ளே எதிரொளிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களில் அடாப்டர் வைத்துப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே 18-55 கிட் லென்ஸ் வைத்திருந்து, அடுத்து அகல லென்ஸ் வாங்குவதா இதை வாங்குவதா என்று தயங்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு, தயங்காமல் இதையே முதலில் வாங்கச் சொல்வேன்.

புரட்டாசி மழைக்குப் பிறகு எடுத்த அந்தக் குன்றை 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்டு, தோப்புக்காரப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 180 மி.மீ.யில் எடுத்தது, கீழே ஒற்றைப் புளியமரத்தின் தலை, அதற்குமேல் படம் முழுக்கப் பாறையும் வெளிச்சமும். வேறு எதுவும் இல்லை. என் ஒதுக்கல் கலையின் உச்சம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த படம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மலை நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். பிறகு சட்டத்தின் அடிவிளிம்பை விரலால் தடவி, "நம்ம தோப்பு எங்க தம்பி?" என்று கேட்டார்.

மறுவாரம் 55 மி.மீ.யில் தோப்பையும், மோட்டார் கொட்டகையையும், வரப்பில் நிற்கும் அவரையும், பின்னால் சிறியதாக மலையையும் சேர்த்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டு நடையில் தொங்குவது அதுதான்.